கண்ணிவெடிக் கூடு சேகரிக்க விரும்புவோருக்கு

பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடி என்ன செய்யும் என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள நம் கொழிஞ்சாம்பாறை, வாளையாறு வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளை உடைக்க ஜெர்மானியர் புதைத்த டெல்லர் கண்ணிவெடியிலோ சுமார் ஐந்தரை கிலோ டிஎன்டி வெடிமருந்து இருந்தது. எனவே, ‘செயலிழக்கச் செய்தது’ என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள்.

வெடிமூட்டியைக் கழற்றிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். மருந்து உள்ளேயே இருக்கும். எண்பது ஆண்டுகள் மண்ணில் கிடந்தாலும் டிஎன்டி தன் வீரியத்தை இழப்பதில்லை. நீல வண்ணம் பூசிய பயிற்சி வெடிகளிலும் புகை மருந்து இருக்கக்கூடும் என்பதால் நிறத்தையும் சான்றாகக் கொள்ள முடியாது. வெறுமை கண்ணுக்குத் தெரிய வேண்டும். என்னிடமுள்ள கூட்டின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்திற்குத் தகடு அறுத்தெடுக்கப்பட்டிருக்கிறது. கைவிளக்கைக் காட்டினால் உட்சுவரும் அடித்தகட்டின் துருவும் முழுமையாகத் தெரியும். அப்படித் தெரியாத ஒன்றை, விலை எவ்வளவு குறைவானாலும், நான் வாங்குவதில்லை.

காயலாங்கடையிலோ தோட்டத்திலோ ஐயத்திற்குரிய பொருளைக் கண்டால் தொடாமல், அசைக்காமல் விலகி வந்து, மற்றவர்களையும் விலக்கிவிட்டு 112 எண்ணில் காவல்துறைக்குச் சொல்லுங்கள். நீங்களாகத் திறந்து பார்க்க முயலவே கூடாது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வெற்றுக்கூட்டையும் கேள்விக்கு உள்ளாக்கக்கூடும் என்பதால், வாங்குமுன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, பதிலைக் கையில் பெற்றுக்கொள்வது நல்லது. கோவையில் வாங்கிய பொருளை வாளையாறு வழியாகக் கொண்டுவரும்போது அந்தக் கடிதமும், பொருளை வெறுமையாக்கியவர் தந்த சான்றும், பற்றுச்சீட்டும் உடனிருக்க வேண்டும்.

இந்த இரும்பை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிச் சொல்வேன். இந்திய இராணுவத்தின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த அவர், 1944-இல் இத்தாலியில், மிதிபட்ட கண்ணிவெடி வெடிப்பதற்கு முந்தைய சில நொடிகளில் அதன்மேல் பாய்ந்து விழுந்து, உடனிருந்தவர்களைக் காத்து உயிர்நீத்தார். மறைவுக்குப் பின் அவருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. கூட்டைக் கையில் ஏந்தும்போதெல்லாம் அவர் நினைவுதான் எனக்கு வரும்.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் இரும்பு விரைவாகத் துருவேறும். மென்தூரிகையால் தூசி தட்டி, நன்கு உலர்த்தி, மெல்லிய மெழுகு பூசுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் ஆண்டும் குறியெண்ணும் அழிந்துவிடும். புதுச்சாயமும் வேண்டாம். நாடு, வகை, ஆண்டு, வந்த வழி ஆகியவற்றை அட்டையில் எழுதி, சான்றுகளின் நகலையும் ஒரு உறையிலிட்டு, அந்த வெற்றுக்கூட்டினுள்ளேயே வைத்துவிடுங்கள்.