டெஸ்ஃபெராக்சமின் பம்ப்: தோல் தடிக்காமல் இரவில் மருந்து ஏற்ற

தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை நோய்க்காக ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்தோடும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள் போகிறது. அதை வெளியேற்ற உடம்பில் தனி வழி கிடையாது. இதயத்திலும் ஈரலிலும் போய்த் தங்கிவிடும். அதனால்தான் இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஸ்ஃபெராக்சமின் மருந்தை, சிரிஞ்சை மெதுவாகத் தள்ளும் சின்ன பம்ப் வைத்துத் தோலுக்கடியில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் குறைந்தது 5 இரவு ஏற்றச் சொல்கிறார்கள். பலர் பாதியில் விட்டுவிடக் காரணம் காலையில் எழும்பி நிற்கும் தடிப்பும் அரிப்பும்தான். பெரும்பாலும் அது கைப்பழக்கத்தில் சரியாகிற விஷயம்.

முதலில் கலக்கும் விதம். 500 மில்லிகிராம் குப்பிக்கு ஊசிமருந்து கலக்கும் தண்ணீர் 5 மில்லி. உப்புநீரில் கரைக்காதீர்கள், கலங்கிவிடும். 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மருத்துவர் கிலோவுக்கு 40 மில்லிகிராம் எழுதியிருந்தால் மொத்தம் 1000, அதாவது இரண்டு குப்பி. கரைத்தபின் பத்தரை மில்லி அளவுக்கு வரும். சிரிஞ்ச் சின்னது என்று தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கலப்பதுதான் தடிப்புக்கு முதல் காரணம். குப்பியைக் குலுக்க வேண்டாம், நுரைக்கும். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் போதும். பொடி முழுக்கக் கரைந்து, நீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

அடுத்து ஊசி. 25 அல்லது 27 கேஜ் (ஊசியின் பருமன் அளவு) பட்டர்ஃபிளை, அதாவது பிடிக்க இரண்டு பக்கமும் இறக்கை வைத்த மெல்லிய ஊசி. ட்யூபில் மருந்தை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். ஊசி முனையில் தொங்கும் துளியைத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். அந்தத் துளி மேல்தோலில் பட்டாலே அரிக்கும். தோலைக் கிள்ளித் தூக்கி 45 டிகிரி சாய்வில் செலுத்துங்கள். இறக்கையை லேசாக அசைத்தால் முனை உள்ளே தடையில்லாமல் நகர வேண்டும். தோலும் கூடவே இழுபட்டால் மேலாக நிற்கிறது என்று அர்த்தம். எடுத்துவிட்டு, புது ஊசியால் வேறிடத்தில் குத்துங்கள்.

வயிறு, தொடை, மேற்கை என்று தினமும் இடம் மாறட்டும். தொப்புளை ஒட்டியும், பழைய கட்டி ஆறாத இடத்திலும் வேண்டாம். எங்கே குத்தினோம் என்பதைக் காலண்டரில் எழுதி வையுங்கள். இரண்டு பேர் மாறிமாறிப் பார்க்கும் வீட்டில் ஞாபகத்தை நம்ப முடியாது.

சிறுநீர் செம்பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், வெளியேறும் இரும்பின் நிறம்தான் அது. வைட்டமின் சி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடங்காதீர்கள். அது இரும்பைக் கிளப்பிவிடும், அதிகமானால் இதயத்தைத் தாக்கும். வருடத்துக்கு ஒரு முறை காது, கண் பரிசோதனை கட்டாயம்.

காய்ச்சல், அதோடு வயிற்றுவலியோ பேதியோ வந்தால் அன்றிரவு பம்ப் கூடாது. யெர்சினியா என்ற கிருமி இந்த மருந்து பிடித்துவரும் இரும்பைத் தின்றே பெருகும். மருந்தை நிறுத்திவிட்டு, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்து ஏற்றிவருகிறீர்கள் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.