சுளுக்கை வழிக்கும் முன்

26 வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தேன். கபடியில் பாடிப் போன பையன் திரும்பும்போது பாதம் உள்பக்கமாக மடங்கி விழுவான். உடனே யாராவது ஓடிவந்து காலைப் பிடித்து இழுக்கப் பார்ப்பார்கள். அவர்களைத் தடுப்பதுதான் என் முதல் வேலை.

காரணம் என் கால்தான். கல்லூரி நாளில் கணுக்கால் வீங்கியபோது ஒருவர் நல்லெண்ணெய் ஊற்றி மூன்று நாள் வழித்தார். நான்காம் நாள் எக்ஸ்ரேயில் எலும்புக் கீறல் தெரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அதனால் முதலில் எலும்பைத்தான் பார்ப்பேன். நான்கு அடி நடக்கச் சொல்வேன். நொண்டியாவது நடந்தால் பாதி பயம் போயிற்று. அப்புறம் சில இடங்களை அழுத்திப் பார்ப்பேன். கணுக்காலின் இரு பக்க எலும்பு முண்டுகளின் பின்விளிம்பு, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் நடுவில் தட்டுப்படும் மேடு. உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால் உள்ள எலும்பு. இவற்றை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலும், நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட முறை இது. கால் கோணியிருந்தாலோ விரல்கள் மரத்துச் சில்லிட்டாலோ எதையும் அழுத்திப் பார்க்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிதான்.

சுளுக்கு என்றால் அடிபட்டது, மூட்டு எலும்புகளைச் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் லிகமெண்ட் என்ற நார். பெரும்பாலும் வெளிக் கணுக்காலுக்கு முன்னால், சற்றுக் கீழே வீங்கும். ஓட்டப்பந்தயத்தில் பாதி தூரத்தில் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவனுக்கு இழுத்துக்கொண்டது தசை. தசையை நீட்டினாலோ இறுக்கினாலோ வலிக்கும். முதல் இரண்டு நாள் கவனிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கொரு தடவை. பள்ளிக்கூடத்தில் ஐஸுக்கு எங்கே போவது? குச்சி ஐஸைக் கவரோடு துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். மிச்சத்தை அவனே தின்றுவிடுவான். ஐஸ், கட்டு, ஓய்வு என்ற விதியை 1978-ல் எழுதிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்க்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிச் சொன்னார். வலி அடங்கும் அளவுக்கு வைத்தால் போதும்.

கிரேப் பேண்டேஜை விரல்களுக்குப் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். விரல் நீலம் பாய்ந்தால் தளர்த்துங்கள். படுக்கும்போது கட்டைக் கழற்றிவிட்டு, காலை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணை மேல் வையுங்கள். இந்த இரண்டு நாளும் ஒத்தடம், கொதிக்கும் புளிப்பற்று, வழித்தல் எதுவும் வேண்டாம். பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள். வீக்கம் வடிந்த பிறகு இதமாகத் தடவினால் எனக்குச் சண்டையில்லை.

படுத்தே கிடப்பதும் தப்பு. மூன்றாம் நாளிலிருந்து, வலி விடுகிற அளவுக்கு, பெருவிரலால் காற்றில் அகரம் முதல் அஃகேனம் வரை எழுதச் சொல்வேன். வலியில்லாமல் ஊன்ற முடிந்ததும், ஒற்றைக்காலில் நின்று பல் துலக்கச் சொல்வேன். மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வு சுளுக்கியதும் மங்கிவிடும். அதைப் பழக்கி மீட்காவிட்டால் அதே கால் மறுபடி மடங்கும்.

லேசான சுளுக்குக்கு ஒன்றிரண்டு வாரம், பெரியதற்கு ஆறு வாரத்துக்கு மேலும் ஆகும். போட்டி நாளில் கெஞ்சுவார்கள். "சரி, அந்தக் காலில் பத்து தரம் குதித்துக் காட்டு" என்பேன். ஆறாவது குதியில் முகம் சுளித்தால், அன்றைக்கு அவன் ஸ்கோர் எழுத வேண்டியதுதான்.