எம்.பி.ஏ.வுக்குப் பணம் கட்டுமுன்: அனுபவமுள்ள எஞ்சினியர்கள் செய்யும் தவறுகள்

செட்டிநாட்டில் எங்கள் ஊரான நாட்டரசன்கோட்டையில், தைப் பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்ப் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் வீட்டு முகப்பில் யாராவது ஒரு தம்பி வந்து உட்கார்ந்துவிடுவது சில வருடங்களாக வழக்கமாகிவிட்டது. பெங்களூரிலோ ஓசூரிலோ வேலை, பத்துப் பன்னிரண்டு வருட அனுபவம், கையில் ஒரு வீட்டுக் கடன். காப்பி ஆறுவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, நான் எம்.பி.ஏ. பண்ணலாமா?" பதிமூன்று வருடம் ஆலையில் இருந்துவிட்டு வார இறுதி வகுப்பில் அதைப் படித்தவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். இத்தனை பேரிடம் பேசியதில், திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளை எழுதிவைக்கத் தோன்றியது.

முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே படிப்பைப் பற்றிக் கேட்கிறோம். "அடுத்து என்ன வேலை பார்க்க ஆசை?" என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் "மேனேஜ்மென்ட் பக்கம்" என்பார்கள். அது ஒரு வேலையே இல்லை. ஆலைத் தலைவர், புராடக்ட் மேனேஜர், ஆலோசனை நிறுவனத்தில் ஒரு இடம், சொந்தத் தொழில் என்று ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த வேலையில் இன்று இருக்கும் பத்துப் பேரை லிங்க்ட்இன்னில் தேடி, அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்று பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் எம்.பி.ஏ. என்றால் அந்தக் கதவுக்கு அதுதான் சாவி. இரண்டு பேர்தான் என்றால், மற்ற எட்டுப் பேர் வேறு வழியாக வந்திருக்கிறார்கள். அந்த எட்டில் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். கல்லூரிக் கையேட்டையும் சித்தப்பாவின் யோசனையையும் விட அந்த அரை மணி நேரப் பேச்சு உதவும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: கோபத்தில் விண்ணப்பிப்பது. கம்பெனி வருடா வருடம் நம் வேலையை எடைபோடும் அப்ரைசல் முடிந்த மாதத்தில்தான் இந்த ஆசை பலருக்கு வருகிறது. மேனேஜர் சரியில்லை என்றால் அதற்கு மருந்து வேறு கம்பெனி. அதற்கு முப்பது லட்சம் செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது, எம்.பி.ஏ. என்ற ஒரே பெயரில் நாலு வேறு சரக்கு விற்கிறது என்பதைக் கவனிக்காதது. இரண்டு வருட முழுநேரப் படிப்பு, ஐ.ஐ.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் நடத்தும் கேட் (CAT) தேர்வு வழியாக நுழைவது. வகுப்பில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பார்கள். வளாகத்துக்கு வரும் கம்பெனிகளும் அந்த வயதுக்கான வேலைகளைத்தான் கொண்டு வரும். பன்னிரண்டு வருட அனுபவத்தோடு அங்கே போனால் அந்த அனுபவத்துக்கு விலை கிடைப்பது கஷ்டம். நம்மைப் போன்றவர்களுக்கென்றே இருப்பது ஒரு வருட முழுநேரப் படிப்பு: அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் குறைந்தது 4 வருட அனுபவம் கேட்கிறார்கள், பெங்களூரில் 5. இதற்குப் பொதுவாக ஜிமேட் (GMAT) என்ற சர்வதேச நுழைவுத் தேர்வின் மதிப்பெண் போதும், அது 5 வருடம் செல்லும். ஒரு வருடப் படிப்பில் சேர நினைத்துக்கொண்டு இரண்டு வருடம் கேட் தேர்வுக்குத் தயார் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். முதல் நாளே சேர்க்கைப் பக்கத்தைப் படித்திருந்தால் அந்த இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது வகை, வேலையை விடாமல் படிக்கும் வார இறுதி, தொலைநிலை, இணையவழிப் படிப்புகள். இருக்கும் கம்பெனியிலேயே மேலே போக இது உதவும். வேறு துறைக்குத் தாவ அவ்வளவாக உதவாது, ஏனென்றால் வளாக வேலைவாய்ப்பு இதில் அநேகமாக இருக்காது. சேருமுன் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அங்கீகாரத்தை மட்டும் கட்டாயம் பாருங்கள். நாலாவது, பெரிய நிறுவனத்தின் முத்திரையோடு ஆறு மாதத்தில் தரும் சான்றிதழ். அதில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கலாம், ஆனால் அது பட்டம் இல்லை. விற்பனைக்காகப் போன் செய்பவர் அந்த வித்தியாசத்தை அழுத்திச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சரி, பணம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஃபீஸை மட்டும் பார்க்கிறார்கள்.

போன தை மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி மனைவியோடு வந்திருந்தார். வயது 36. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஒரு வருடப் படிப்புக்கு ஃபீஸ், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 35 லட்சம். கையில் வரும் சம்பளம் மாதம் 1.5 லட்சம், ஒரு வருடம் வராது என்றால் 18 லட்சம். ஆக 53 லட்சம். படித்து முடித்தபின் கையில் மாதம் 60,000 கூடுதலாக வருகிறது என்றே வைப்போம், வருடத்துக்கு 7.2 லட்சம். போட்டதை எடுக்கவே ஏழு வருடத்துக்கு மேல் ஆகிறது, வட்டி சேர்க்காமல். 30 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 39,650. அந்தக் கூடுதல் 60,000-த்தில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடுகிறது. இன்னொன்றும் மறக்கக்கூடாது: படிக்காமலே இருந்தாலும் சம்பளம் ஏறத்தான் செய்யும். ஒப்பிட வேண்டியது இன்றைய சம்பளத்தோடு அல்ல, மூன்று வருடம் கழித்து எப்படியும் வந்திருக்கக்கூடிய சம்பளத்தோடு.

வங்கிக் கல்விக் கடனின் வட்டிக்கு 8 வருடம் வரை வரிக்கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருந்தால்தான், அதுவும் வட்டிக்கு மட்டும். நம் பக்கத்தில் மாமனிடமோ மச்சானிடமோ கைமாற்றாக வாங்குவது சகஜம். அந்தக் கடனுக்கு இந்தக் கழிவு கிடையாது.

"சராசரிச் சம்பளம்" என்று கல்லூரி போடும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் வெளிநாட்டு வேலையில் பெரிய தொகை வாங்கினால் சராசரி எகிறிவிடும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்கினார் என்று கேளுங்கள். அதில் நிலையான சம்பளம் எவ்வளவு, போனஸ் எவ்வளவு, உங்கள் அளவு அனுபவமுள்ளவர்கள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்றும் கேளுங்கள். தணிக்கை செய்த அறிக்கையை வெளியிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அது இல்லாத இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

அடுத்த தவறைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் ஐயாவின் பேரேடு நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் இன்னும் ஒன்று இருக்கிறது. பழுப்பேறிய தாள், கறுப்பு மை, தமிழ் எண்கள், பக்கம் பக்கமாக வரவும் பற்றும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் எடுத்த எடுப்பில் மேலாளாகப் போகவில்லை. முதலில் பெட்டியடிப் பையன்: கூட்டிப் பெருக்கி, எடுபிடி செய்து, பேரேட்டைப் பார்த்து எழுதுவான். அப்புறம் அடுத்தாள். கணக்கும் ஆளும் அத்துபடியான பிறகுதான் மேலாள் என்று ஒரு கடையை நம்பிக் கொடுத்தார்கள். அவர் ஊரிலிருக்கும் முதலாளிக்கு ஐந்தொகை, அதாவது கடையின் சொத்தும் கடனும் காட்டும் கணக்கு, அனுப்பியாக வேண்டும்.

நாம் எஞ்சினியர்களாக நேரே மேலே ஏறிவிட்டோம், பெட்டியடியில் உட்காராமலே. எனக்கு அது வகுப்பில்தான் புரிந்தது. நான் வேலை பார்த்த கம்பெனியின் ஆண்டறிக்கையை முதன்முதலாக வரிவரியாகப் படித்தபோது, 'எதற்கும் இருக்கட்டும்' என்று நான் வருடக்கணக்காக வாங்கிக் குவித்த உதிரிபாகங்கள் கையிருப்புச் சரக்காக அதில் உட்கார்ந்திருந்தன. என் கண்ணில் அது பாதுகாப்பு. கம்பெனிக்கு அது வட்டி கட்டி முடக்கிவைத்த பணம். பதிமூன்று வருடத்தில் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நமக்கு விட்டுப்போனது அந்தப் பெட்டியடிப் பாடம்தான். அதைக் கற்க எம்.பி.ஏ. ஒரு வழி, ஒரே வழி என்று நினைப்பதுதான் தவறு. என்பிடெல், ஸ்வயம் என்ற அரசின் இணையவழிப் பாடத் தளங்களில் கணக்கியல், நிதி மேலாண்மைப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. தேர்வு எழுத மட்டும்தான் கட்டணம். முதலில் ஒன்றை முடித்துப் பாருங்கள். இரண்டாவது வாரத்திலேயே சலிப்புத் தட்டினால் ஒரு தகவல் கிடைத்துவிட்டது. உங்கள் கம்பெனியிலேயே பட்ஜெட் போடும் வேலையைக் கேட்டு வாங்குங்கள், விற்பனை ஆளோடு இரண்டு முறை வாடிக்கையாளரைப் பார்க்கப் போங்கள்.

மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றுமதி செய்ய நினைத்த ஒருவர் முதலில் எம்.பி.ஏ.வுக்குத்தான் விண்ணப்பம் வைத்திருந்தார். இரண்டு மாதம் ஒரு பட்டறையில் போய் உட்காருங்கள் என்றேன். கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, சிமென்ட் போட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கும் கல். சூளை கிடையாது, எல்லாம் கைவேலை. ஒரு நாளைக்கு எத்தனை கல் வரும், ஏற்றி இறக்குவதில் எத்தனை உடையும், மழை மாதத்தில் காய எத்தனை நாள் கூடும் என்று நோட்டில் எழுதி வந்தார். விலை போட அவருக்கு அந்த நோட்டுதான் வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "பிசினஸ் படிப்பெல்லாம் வெறும் பேச்சு" என்று ஒதுக்குபவர்கள், "நாற்பதாகப் போகிறது, இனி என்ன" என்று ஆசையை மூடிவைப்பவர்கள். தொழில்நுட்பத்திலிருந்து ஆலோசனைத் துறைக்கோ பொது மேலாண்மைக்கோ உண்மையிலேயே மாற நினைப்பவருக்கு, நல்ல ஒரு வருடப் படிப்பு வேறெதுவும் தராத அறிமுகங்களைத் தரும். போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும்.

கடைசியாக, வீட்டில் பேசாமல் முடிவெடுப்பது. கொண்டுவிக்கப் போனவர் மூன்று வருடம் கழித்துத் திரும்பும்வரை பெரிய வீட்டைக் கட்டி ஆண்டது ஆச்சிமார்கள். இன்று ஒற்றைக் குடும்பம். ஒரு வருடம் ஒருவர் விடுதிக்குப் போனால் பாரம் முழுக்க இன்னொருவர் தலையில். தேவகோட்டைத் தம்பியின் மனைவி அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் 53 லட்சம் என்று கோடு போட்டதும் பேனாவை வாங்கி அதன் கீழே இரண்டு வரி எழுதினார்: பெரியவனுக்குப் பத்தாம் வகுப்பு எந்த வருடம், மாமாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது. படிப்பு ஒரு வருடம் தள்ளிப் போனது. இப்போது அவர் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஜிமேட்டுக்குப் படிக்கிறார்.