டோசரின் பார்க்கிங் பிரேக் விடவில்லையா, பிடிக்கவில்லையா? ஃபைனல் டிரைவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை பக்கம் இறால் குட்டைக்குக் கரை போடவும் மனை சமப்படுத்தவும் ஓடுகிற சின்ன ஹைட்ரோஸ்டேடிக் டோசர்களில் (ஆயில் பம்பும் ஆயில் மோட்டாரும் ட்ராக்கை ஓட்டுபவை) பார்க்கிங் பிரேக் தகராறு செய்தால், ஃபைனல் டிரைவைக் (ட்ராக்கைச் சுற்றும் கடைசி கியர் பெட்டி) கழற்ற உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். கோளாறு பிரேக்குக்கு உள்ளே இருப்பது குறைவு. அதற்கு வரவேண்டிய கரண்டோ ஆயில் பிரஷரோ வராமல் போவதுதான் அதிகம்.

இந்த பிரேக்கில் டிஸ்க்குகளை இறுக்கிப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது ஆயில். சொலனாய்டு வால்வு (கரண்டில் இயங்கும் வால்வு) திறந்ததும் சார்ஜ் பம்ப் (டிரைவுக்கும் பிரேக்குக்கும் குறைந்த பிரஷரில் ஆயில் தரும் சின்ன பம்ப்) ஆயில் பிரேக் பிஸ்டனுக்குப் போய் ஸ்பிரிங்கைத் தள்ளுகிறது. கரண்ட் போனாலும், எஞ்சின் நின்றாலும், ஹோஸ் வெடித்தாலும் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். ஆகவே பிரேக் விடவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது பிரஷரை. பிடிக்கவில்லை என்றால், உள்ளே போன பிரஷர் திரும்பவில்லை அல்லது டிஸ்க் தேய்ந்துவிட்டது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிளேடைத் தரையில் இறக்கி, இரண்டு ட்ராக்குக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பிரேக் விடாதபோது

முதலில் கரண்ட். ஃபியூஸ், சீட் சுவிட்ச், சேஃப்டி லீவர் சுவிட்ச், பிரேக் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓட்டி, பிரேக்கை விடுவிக்கும் நிலையில் சுவிட்சை வைத்து, சொலனாய்டு நட்டின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வையுங்கள். காந்தம் போல இழுத்தால் காயில் வேலை செய்கிறது. இழுக்காவிட்டால் மல்டிமீட்டர். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் அழுகிய வயரும் முழு வோல்டேஜ் காட்டி ஏமாற்றும். கனெக்டர் மாட்டியபடியே பின்பக்கத்தில் அளக்க வேண்டும். காயிலின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. நம் கடலோர உப்புக் காற்றில் கனெக்டர் பின்னில் பச்சை பூத்துவிடுகிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் வெளியே நின்ற வண்டிகளில் இன்னும் மோசம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்களைச் சுத்தம் செய்து, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். சீட் சுவிட்சுக்கு ஒரு வயரால் ஜம்பர் போட்டுப் பார்ப்பது சோதனைக்கு மட்டும்தான். அப்படியே விட்டு வண்டியை வேலைக்கு அனுப்புவது ஆபரேட்டர் உயிரோடு விளையாடுவது.

கரண்ட் சரி என்றால் பிரஷர். எஞ்சினை நிறுத்தி, பிரேக் லைனில் டி ஜாயிண்ட் போட்டு 60 பார் கேஜ் மாட்டுங்கள். டிரைவ் லைனில் (ட்ராக் மோட்டாருக்குப் போகும் ஆயில் லைன்) தப்பித்தவறியும் இந்தக் கேஜை மாட்டக்கூடாது. அங்கே 300 பாருக்கு மேல் ஏறும். சின்ன டோசர்களில் சார்ஜ் பிரஷர் பொதுவாக 20 முதல் 30 பார். சரியான அளவுக்கு அந்த மாடலின் மேனுவலைப் பாருங்கள்.

சார்ஜ் பிரஷர் இருந்தும் பிரேக் லைனில் ஒன்றுமில்லை என்றால் வால்வு ஸ்பூல் (வால்வுக்குள் நகர்ந்து ஆயில் வழியைத் திறந்து மூடும் தண்டு) சிக்கியிருக்கிறது. இரண்டிலுமே குறைவு என்றால் ஆயில் லெவல், அடைத்த ஃபில்டர், காற்று இழுக்கும் சக்‌ஷன் ஹோஸ், சார்ஜ் ரிலீஃப் வால்வு எனத் தேடுங்கள். ஆயில் நுரைத்து வெளுத்திருந்தால் சக்‌ஷன் ஹோஸ் கிளாம்பில்தான் முதல் சந்தேகம்.

ஒரு பக்க ட்ராக்கில் மட்டும் பிரேக் விடவில்லையா? இரண்டு பக்கத்துக்கும் ஒரே வால்வு ஆயில் கொடுக்கிற வண்டியில், வால்வைக் குறை சொல்லி லாபமில்லை. அந்தப் பக்க ஹோஸை பிளக் போட்டு மூடி, வண்டியை நகர்த்தாமல் கேஜைப் பாருங்கள். பிரஷர் ஏறினால் அந்த பிரேக்கின் பிஸ்டன் சீல் கசிகிறது. பிரேக் ஃபைனல் டிரைவுக்குள் இருக்கும் மாடல்களில் கியர் ஆயில் லெவல் காரணமில்லாமல் கூடியிருப்பதும் இதே கசிவைக் காட்டும்.

லீவரைத் தள்ளி எஞ்சின் திணறுகிறதா என்று பார்த்து முடிவுக்கு வருகிற வழக்கம் உண்டு. திணறினால் பிரேக் பிடித்திருக்கிறது என்பது சரி. திணறாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது. பல வண்டிகளில் பிரேக் விடும்வரை கன்ட்ரோலரே பம்புக்கு வேலை கொடுக்காது.

பிரேக் பிடிக்காதபோது

எஞ்சின் ஓடும்போது ஹைட்ரோஸ்டேடிக் டிரைவே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் இந்தக் கோளாறு மறைந்தே இருக்கும். சரிவில் எஞ்சினை அணைத்ததும் வண்டி நகரும். பிரேக்கைப் போட்டதும் கேஜ் உடனே பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். சில பார் தங்கி நின்றால் ரிட்டர்ன் லைன் அடைப்பு அல்லது ஸ்பூல் சிக்கல். வால்வில் கையால் அழுத்தும் மேனுவல் ஓவர்ரைடு பட்டன் இருந்தால், யாராவது உள்ளே தள்ளி விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பூஜ்யத்துக்கு இறங்கியும் வண்டி வழுக்கினால் டிஸ்க் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் உடைந்திருக்கும் அல்லது தவறான ஆயில் ஊற்றப்பட்டிருக்கும். பிரேக் முழுதாக விடாமலே வண்டியை ஓட்டினால் டிஸ்க் கருகும்; எரிந்த வாடை அடிக்கிற ஆயில் அதற்குச் சாட்சி.

டிஸ்க்கை மாற்ற ஹவுசிங்கைத் திறப்பதாக இருந்தால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருப்பதை மறக்காதீர்கள். மேனுவலில் சொன்ன நீள போல்ட்டுகளைப் போட்டு, எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை வரிசை மாறாமல் எடுத்து, புது டிஸ்க்குகளை ஆயிலில் ஊறவைத்துப் பூட்டுங்கள்.

சேற்றில் நின்ற வண்டியை இழுத்தே ஆக வேண்டுமானால், மேனுவலில் அனுமதி இருந்தால் மட்டும், கை பம்பால் பிரேக் லைனுக்குப் பிரஷர் கொடுத்து, டிரைவ் பம்பின் பைபாஸ் வால்வுகளைத் திறந்து, மெதுவாகச் சில மீட்டர் மட்டும் இழுங்கள். அப்போது வண்டிக்கு எந்தப் பிடிமானமும் இருக்காது. சரிவுப் பக்கம் ஆள் நிற்கக்கூடாது.