ரேடியோவில் 'கொர்ர்ர்' சத்தமா? எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கலாம்

அப்பா காலையில் திருச்சி வானொலி கேட்காமல் காபி குடிக்க மாட்டார். 936 கிலோஹெர்ட்ஸ், மீடியம் வேவ். போன மாதம் திடீரென்று செய்திக்கு மேல் வண்டு குடைகிற மாதிரி ஒரு 'கொர்ர்ர்'. ரேடியோ போய்விட்டது, புதுசு வாங்கலாம் என்றார். இரண்டு சாயங்காலம் மெனக்கெட்ட பிறகுதான் தெரிந்தது, ரேடியோ மேல் தப்பே இல்லை.

முதலில் ரேடியோவை பேட்டரியில் ஓடவிடுங்கள். ஸ்டேஷன் இல்லாத இடத்துக்கு முள்ளை நகர்த்தி, சத்தம் எவ்வளவு என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து மெயின் சுவிட்சை அணையுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். அணைத்தேன், சத்தம் அப்படியே இருந்தது. சரி, தெருமுனை டிரான்ஸ்பார்மர்தான் என்று முடிவுகட்டி, புகார் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதும்போது காகிதம் படபடக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது! இன்வெர்ட்டர். மெயின் போனதும் அது வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் சத்தம் இருந்தால்தான் வெளியே தேட வேண்டும்.

எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. அப்புறம் எம்சிபிக்களை (மெயின் போர்டில் இருக்கும் சின்னச் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாகப் போட்டு, எந்த அறை என்று பிடித்து, அந்த அறையில் இருக்கும் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரேடியோவையே மெல்லத் திருப்பியும் பார்க்கலாம். உள்ளே கம்பி சுற்றிய ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள கறுப்புப் பொருள்) தண்டு ஒன்று படுத்திருக்கும், அதுதான் மீடியம் வேவுக்கு ஏரியல். அதன் முனை எந்தப் பக்கம் பார்க்கும்போது சத்தம் நன்றாகக் குறைகிறதோ, அந்த நேர்க்கோட்டில் தேடுங்கள்.

அகப்பட்டது செட்டாப் பாக்ஸ் அடாப்டர். பழையது எரிந்துபோனதால் வாங்கிய மலிவு சரக்கு. இந்த அடாப்டர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன, அந்த வெட்டு வேகத்தின் மடங்குகளில் கிளம்பும் அலைகள் வந்து விழுவது மீடியம் வேவில். கழற்றிப் பார்த்தேன் (நீங்கள் கழற்றாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம்). இரைச்சலை வடிகட்டும் காயிலுக்குப் பலகையில் இடம் அச்சடித்திருக்கிறது, ஆனால் காயில் இல்லை, அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பி!

என்னைக் கேட்டால் நல்ல அடாப்டராக மாற்றிவிடுவதே மேல். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, பின்னின் பிளஸ் மைனஸ் பார்த்து வாங்குங்கள். மாற்ற முடியாவிட்டால் ஃபெரைட் வளையம். ஆனால் ஒயரில் ஒரு தடவை மாட்டுகிற கிளிப் மீடியம் வேவில் ஒன்றுக்கும் உதவாது, நான் இரண்டு வாங்கி ஏமாந்தேன். பெரிய வளையமாக, 31 எண் ரகம் (ஃபெரைட் கலவையின் எண் அது) கிடைத்தால் வாங்கி, அடாப்டருக்குப் பக்கத்திலேயே ஒயரைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப பலன் ஏறும், பத்துச் சுற்று என்றால் ஏறக்குறைய நூறு மடங்கு.

பிற்சேர்க்கை: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருந்தும் அடாப்டர் இரையுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இரையலாம். அடாப்டரில் அந்தப் பதிவு முக்கியமாக மின் பாதுகாப்புக்கு. இரைச்சலுக்கான சர்வதேச வரம்பு சிஸ்பர் 32, அதில் வீட்டுக்கு ஏற்றது பி வகுப்பு, ஏ வகுப்புக்கு வரம்பு தளர்வு.

இன்னொருவர் அடாப்டரிலிருந்து கிளம்பும் இந்த அலை உடம்புக்குக் கெடுதலா என்று பயந்திருந்தார். ரேடியோ இரைவதும் உடம்பில் அலை படுவதும் வேறு வேறு கணக்கு. உடம்புக்கான அளவின் பெயர் 'சார்' (SAR), உடம்பு எவ்வளவு அலைச் சக்தியை உறிஞ்சுகிறது என்ற கணக்கு; அது செல்போன் மாதிரி உடம்போடு ஒட்டி வைத்திருக்கும் கருவிகளுக்குப் பார்ப்பது.

இன்வெர்ட்டர் சத்தத்தை மட்டும் என்னால் அடக்க முடியவில்லை. எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் ரகம். கரண்ட் போனால் அப்பா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார்.