பழைய பவுன் காசு: விலை கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், டோங்காட் பகுதிகளில் உள்ள தமிழ் வீடுகளில் பழைய தங்கக் காசு பெரும்பாலும் நாணயமாக இருப்பதில்லை. ஆயாவின் கழுத்துச் சங்கிலியிலோ, காதோலையிலோ, இரும்புப் பெட்டிக்குள் துணி முடிச்சிலோ இருக்கிறது. அதற்கு நாம் சொல்லும் ‘பவுன்’ என்ற பெயரே, ஒரு பவுண்டு மதிப்புள்ள சவரன் என்ற ஆங்கிலேயக் காசிலிருந்து வந்ததுதான். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கியவர்களுக்கும் அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் பவுன் என்பது வெறும் நகையாக இருக்கவில்லை. 1895-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் டர்பன் அடங்கிய நேட்டாலில் தங்க விரும்பியவர் மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது. அது ஏறத்தாழ 24 கிராம் எடையுள்ள மூன்று தங்கக் காசுகள். 1914-இல்தான் அந்த வரி நீங்கியது. ஆகவே பழைய பவுனைக் கையில் எடுத்தவுடன் நம் மனம் இளகுவது இயல்பு. ஆனால் வாங்கும் நேரத்தில் அந்த இளக்கத்துக்கு நாம் விலை கொடுத்துவிடக் கூடாது. தங்கத்துக்கு எவ்வளவு, நாணயம் என்ற மதிப்புக்கு எவ்வளவு, விற்பவர் சொல்லும் கதைக்கு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

இங்கே அதிகமாகக் கைமாறும் காசுகள் சிலவே. முதலாவது, குதிரை மீதமர்ந்த புனித ஜார்ஜ் பறவைநாகத்தைக் கொல்லும் உருவம் பொறித்த ஆங்கிலேயச் சவரன். இரண்டாவது, 1892 முதல் 1900 வரை அச்சான, அதிபர் பால் க்ரூகரின் முகம் கொண்ட டிரான்ஸ்வால் குடியரசின் பவுன். மூன்றாவது, 1961 முதல் 1983 வரை வெளிவந்த, துள்ளும் மான் பொறித்த தென்னாப்பிரிக்காவின் தங்க 2 ராண்டு காசு. இம்மூன்றும் ஒரே அளவில் அமைந்தவை: எடை 7.988 கிராம், குறுக்களவு சுமார் 22 மில்லிமீட்டர், மாற்று 22 காரட், உள்ளிருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அரைச் சவரனும் தங்க 1 ராண்டும் இதில் சரிபாதி. 1967 முதல் வெளிவரும் க்ரூகர்ராண்டு 33.93 கிராம் எடையுள்ளது; அதுவும் 22 காரட்தான், ஆனால் அதற்குள் இருக்கும் சுத்தத் தங்கம் சரியாக ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம்.

முதலில் போட வேண்டியது தங்கக் கணக்கு. அன்றைய தங்க விலை அவுன்ஸுக்கு எத்தனை ராண்டு என்று பார்த்து, அதை 31.1035-ஆல் வகுத்தால் ஒரு கிராம் சுத்தத் தங்கத்தின் விலை கிடைக்கும். அதைக் காசில் உள்ள சுத்தத் தங்கத்தின் அளவால் பெருக்க வேண்டும். கணக்குக்காகக் கிராம் 2,000 ராண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு சவரனில் உள்ள தங்கத்தின் மதிப்பு சுமார் 14,645 ராண்டு. நம்மவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ‘ஒரு பவுன் என்றால் எட்டு கிராம்’ என்ற மனப்பாடத்தில் 8-ஐ 2,000-ஆல் பெருக்கி 16,000 என்று நினைத்துவிடுகிறார்கள்; 24 காரட் விலையை 22 காரட் பொருளுக்குக் கொடுப்பதால் ஒரு காசுக்கு 1,355 ராண்டு அதிகமாகப் போய்விடுகிறது. விற்பவர் யாரும் இதைத் திருத்திச் சொல்ல மாட்டார். கடைக்குள் நுழையுமுன் இந்த ஒரு எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தப் பேச்சு வந்தாலும் அந்த எண்ணோடு ஒப்பிட்டே கேட்க முடியும்.

அடுத்தது எடையும் அளவும். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசும், வெர்னியர் காலிப்பரும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸும் போதும். இம்மூன்றையும் சேர்த்து வாங்க ஆகும் செலவு, ஒரு தவறான காசில் போகும் பணத்தைவிட மிகக் குறைவு. பழைய ஆங்கிலேயச் சட்டம் புழக்கத்தில் இருக்கும் சவரனுக்கு 122.5 கிரெய்ன், அதாவது 7.94 கிராம் என்று ஒரு கீழ்வரம்பு வைத்திருந்தது. எத்தனையோ கைகள் மாறிய காசே அந்த வரம்புக்குள்தான் தேய வேண்டும் என்றால், 7.8 அல்லது 7.7 காட்டும் காசில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். எடை கூடுதலாக இருந்தால் மகிழ வேண்டாம். பெரும்பாலும் அது, சங்கிலியில் கோர்க்க வளையம் பற்றவைத்தபோது போட்ட உலோகப் பொடியின் எடை. எடை சரியாக இருந்து குறுக்களவோ தடிமனோ மிகுந்திருந்தால், தங்கத்தைவிட லேசான உலோகம் உள்ளே இருக்கிறது.

எடையும் அளவும் ஒத்துவந்த பிறகும் எனக்கு நிறைவு தருவது தண்ணீர்ச் சோதனைதான். ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை மெல்லிய தையல் நூலில் சுருக்கிட்டுக் கட்டி, கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்குமாறு கையில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். காசின் மீது ஒட்டிய காற்றுக் குமிழிகளை நூலை லேசாக ஆட்டி விலக்கிவிட்டு, தராசின் எண் நிலைகொள்ளும் வரை பொறுத்திருந்து பாருங்கள். நல்ல சவரன் என்றால் 0.45 அல்லது 0.46 காட்டும், க்ரூகர்ராண்டு என்றால் ஏறத்தாழ 1.93. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவது அதன் அடர்த்தி. செம்பு கலந்த 22 காரட் தங்கத்துக்கு அது சுமார் 17.6. முலாம் பூசிய பித்தளையோ ஒன்பது காரட் போலியோ இந்த எண்ணின் அருகில்கூட வராது. வளையம் பற்றவைத்த காசுக்கு இந்தச் சோதனை துல்லியமாக அமையாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

காந்தத்தில் ஒட்டவில்லை என்பதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. உரைகல்லும் அமிலமும் மேற்பரப்பை மட்டுமே சொல்லும், அதோடு காசின் விளிம்பையும் கெடுத்துவிடும். நாணயமாக மதிப்புள்ள காசை யாரும் உரைத்துப் பார்க்க விடாதீர்கள்.

நான் முதன்முதலில் வாங்கிய சவரன் வார இறுதிச் சந்தை ஒன்றில் கிடைத்தது. அழகான காசு, அரசியின் முகம் தெளிவாக இருந்தது, விற்றவரும் மரியாதையாகப் பேசினார். சேகரிப்பாளர் விலை கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் தராசில் வைத்தபோது 7.81 கிராம்தான் இருந்தது. லென்ஸை எடுத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். தலைக்கு நேர் மேலே ஒரு நெல் நீளத்துக்கு விளிம்பின் வரிகள் இல்லை; அந்த இடம் வழவழவென்று அரம் போட்டு ராவப்பட்டிருந்தது, அதன் அடியில் எழுத்தின் ஓரத்தில் சற்று வேறு நிறத்தில் ஒரு திட்டு. அது ஒரு காலத்தில் யாருடைய கழுத்திலோ தொங்கிய காசு. வளையத்தை வெட்டி எடுத்து, தழும்பை ராவி, நாணயமாக விற்றிருக்கிறார்கள். தங்கம் அசல்தான், ஆனால் நான் கொடுத்த கூடுதல் பணம் முழுவதும் வீண். நம் சமூகத்தில் காசுமாலையும் பதக்கமும் மிகுதியாகப் புழங்கியதால் இப்படிப்பட்ட காசுகள் இங்கே ஏராளம். வளையம் பற்றவைத்த காசும், பற்றவைத்து நீக்கிய காசும் தங்க விலைக்கு மட்டுமே வாங்கத் தக்கவை. எனவே முகத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பை முழுச் சுற்றுப் பாருங்கள், முக்கியமாக மேல் நுனியை.

தங்கத்திலேயே செய்த போலிகளும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சவரன் அதன் தங்க மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்ற காலத்தில், இத்தாலியிலும் பெய்ரூட்டிலும் சரியான எடையில், ஏறக்குறைய சரியான மாற்றில் சவரன்கள் அச்சடிக்கப்பட்டன. தராசும் தண்ணீரும் இவற்றைக் காட்டிக்கொடுக்காது. கண்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அசல் காசில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக எழுந்து நிற்கும். வீரனின் விரல்களும் குதிரையின் கடிவாளமும் தனித்தனியாகத் தெரியும். போலியில் அவை சோப்புக் கட்டி கரைந்தது போல் மழுங்கியிருக்கும்; வெற்றுப் பரப்பில் சிறு பருக்கள் எழும்பியிருக்கும். தேய்மானமும் மழுக்கமும் வெவ்வேறு: தேய்ந்த காசில் மேடான இடங்கள் மட்டும் போயிருக்கும், பள்ளங்கள் கூர்மையாகவே இருக்கும், போலியில் பள்ளமும் மழுங்கியிருக்கும். சந்தேகமில்லாத ஒரு சவரனைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

இனி, தங்க விலைக்கு மேல் எப்போது கொடுக்கலாம் என்ற கேள்வி. சவரனில் ஆண்டையும் அச்சகக் குறியையும் பார்க்க வேண்டும். லண்டனுக்கு வெளியே அச்சானவற்றில் பெரும்பாலும் புனித ஜார்ஜ் உருவத்துக்குக் கீழே, ஆண்டுக்கு மேலேயுள்ள தரைக் கோட்டில் மிகச் சிறிய எழுத்து இருக்கும்: சிட்னிக்கு எஸ், மெல்போர்னுக்கு எம், பெர்த்துக்கு பி, கனடாவுக்கு சி, 1918-இல் மட்டும் பம்பாயில் அச்சானதற்கு ஐ. பிரிட்டோரியாவில் 1923 முதல் 1932 வரை அச்சானவற்றில் எஸ், ஏ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். இவற்றில் 1925 முதலானவை பெருமளவில் அச்சானவை. ‘நம் நாட்டிலேயே அச்சானது’ என்று சொல்லிக் கூடுதல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 1923, 1924 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் உண்மையிலேயே அரியவை. அரிய ஆண்டு என்பதாலேயே கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றும் ஆசையும் பிறக்கும்; அந்த எண்ணைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

க்ரூகர் பவுனின் கதை தனி. 1892-இல் பெர்லினில் அச்சான முதல் காசுகளில் இரண்டு குறைகள் மக்கள் கண்ணில் பட்டன. சின்னத்தில் உள்ள மாட்டுவண்டிக்கு இரட்டை ஏர்க்கால் போடப்பட்டிருந்தது. அந்தக் குடியரசின் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் வண்டிக்கோ ஏர்க்கால் ஒன்றுதான். செதுக்கிய ஓட்டோ ஷூல்ட்ஸின் முதலெழுத்துகள் க்ரூகரின் மார்பளவு உருவத்துக்குக் கீழே ‘ஓஎஸ்’ என்று நின்றன. டச்சு மொழியில் அச்சொல்லுக்கு எருது என்று பொருள். இரண்டும் பின்னர் திருத்தப்பட்டன. ஆகவே 1892 என்று கண்டால் வண்டியை லென்ஸில் பார்த்து எந்த வகை என்று அறிந்த பிறகே விலை பேச வேண்டும். 1874-இல் அதே குடியரசின் அதிபர் பர்கர்ஸின் முகத்துடன் அச்சான பவுன் மொத்தம் 837. ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த போரின் முடிவில் 1902-இல் பில்கிரிம்ஸ் ரெஸ்ட் மலையூரில் கையிலிருந்த கருவிகளைக் கொண்டு அடித்த ‘வெல்ட்பாண்ட்’ மொத்தம் 986. இவை சந்தை மேசையில் கிடைத்தால் நகல் என்றே எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். காசைச் சோதித்துத் தரமிடும் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் அடைத்துத் தரும் உறையில் இல்லாத எந்த அரிய காசுக்கும் அரிய விலை கொடுப்பதை நான் ஏற்கவில்லை. உறையின் எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள படமும் கையிலுள்ள காசும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். உறைகளுக்கும் போலி உண்டு.

பளபளப்பு நம்மை ஏமாற்றக் கூடியது. பூஜைக்கு முன் நகைகளைப் புளியும் சோப்பும் போட்டுத் துலக்கும் பழக்கத்தில் காசையும் துலக்கிவிடுகிறோம். துலக்குவதால் விழும் நுண்ணிய கோடுகள் காசைச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சத்தில் தெரியும், அதன் சேகரிப்பு மதிப்பும் அத்தோடு போய்விடும். வாங்கிய பிறகும் துலக்காதீர்கள்.

விலை பேசும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, ‘இதே காசை நாளை நான் கொண்டுவந்தால் நீங்கள் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?’ என்பது. சாதாரணச் சவரனுக்கு விற்கும் விலைக்கும் திரும்ப எடுக்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அங்கே வாங்க வேண்டாம். க்ரூகர்ராண்டுக்கு வாட் வரி சுழிய விகிதம் என்பதால் அதன் மேல் வரி என்று தனியாக எதுவும் சேர்க்கக் கூடாது. ஏலத்தில் எடுத்தால் கேட்ட விலைக்கு மேல் ஏலக் கமிஷன் எவ்வளவு என்பதை முன்பே கேட்டு, அதையும் கூட்டித்தான் உங்கள் உச்ச விலையை முடிவுசெய்ய வேண்டும். ரசீதில் ‘பழைய தங்கக் காசு’ என்று மட்டும் எழுத விடாமல், ஆண்டு, அச்சகக் குறி, எடை, வளையத் தழும்பு உண்டா இல்லையா, போலி என்று தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை எழுதி வாங்குங்கள். பிடிக்காத காசை உருக்கிக் கட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்; வேலைப்பாடு செய்யாத தங்கத்தை அனுமதியின்றி வைத்திருப்பது இந்நாட்டில் குற்றம். அதைக் காசாகவே விற்றுவிடுங்கள், 7.81 கிராம் எடையுள்ள என் காசையும் தழும்பைக் காட்டி, தங்க விலைக்குத்தான் விற்றேன்.