மிஷன் பயணத்துக்குத் தேதி குறிக்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்ச் சபைகளுக்கு ஜூனும் டிசம்பரும் மிஷன் பயண மாதங்கள், அதாவது குழுவாக வெளிநாட்டுக்குப் போய் ஊழியம் செய்யும் மாதங்கள். பள்ளி விடுமுறை, வேலையிலும் லீவு கிடைக்கும். எங்கள் குழுவின் முதல் பயணமும் ஒரு ஜூன் மாதத்தில்தான் அமைந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமச் சபையில் ஐந்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி (விபிஎஸ்) நடத்தத் திட்டம். பாட்டு, நாடகம், கைவேலை என்று மூன்று மாதம் ஒத்திகை பார்த்தோம். போய் இறங்கினால், பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில்! தமிழ்நாட்டில் கோடை விடுமுறை ஜூன் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அந்தச் சபை மே மாதமே விபிஎஸ் நடத்தி முடித்திருந்தது. நாங்கள் வந்துவிட்டோமே என்பதற்காக, சாயங்காலம் களைத்துப்போய் வீடு திரும்பிய பிள்ளைகளை மறுபடியும் கூட்டி வந்தார்கள்.

போதகர் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று எங்களில் சிலர் கேட்டார்கள். நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. டிக்கெட் எடுத்த பிறகுதான் தகவல் சொன்னோம். கடல் தாண்டி வருகிறவர்களிடம் "இப்போது வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆகவே தேதி, வேலை, ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். டிசம்பருக்கும் இதே பேச்சுதான். அப்போது அங்கே வடகிழக்குப் பருவமழை, கூடவே கிறிஸ்துமஸ் வேலைகள். போதகருக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

அடுத்த பெரிய தவறு விசா. "சும்மா சுற்றுலா விசா போடு, யார் கேட்கப்போகிறார்கள்" என்று சொல்பவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். இந்தியாவின் சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்ய முடியாது. அதற்கென்று மிஷனரி விசா தனியாக இருக்கிறது. நம்மில் பலரிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கிறது, அது போதும் என்று நினைக்கிறோம். 2021 மார்ச் அறிவிப்பின்படி, ஓசிஐ அட்டைதாரரும் மிஷனரி பணிக்குத் தனி அனுமதி பெற வேண்டும். நேபாளத்தில் சட்டம் இன்னும் கடுமையானது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, மதம் மாற்றினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். நாம் ஒரு வாரத்தில் சாங்கி விமான நிலையம் திரும்பிவிடுவோம். காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியவர் நம்மை அழைத்த உள்ளூர் ஊழியர். விசா விஷயத்தில் பொய் சொல்லிவிட்டுச் சுவிசேஷம் சொல்லப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வைத்தியம், கட்டட வேலை, ஆசிரியர் பயிற்சி என்று எதற்குப் போனாலும் எந்த விசா பொருந்தும் என்று தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். அப்புறம், கடப்பிதழ் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். பக்கத்திலிருக்கும் இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்குப் படகில் போவதற்கும் இது பொருந்தும்.

பணத்தைப் பற்றிச் சபைகளில் யாரும் வாய் திறப்பதில்லை. கடைசி நாள் ஆராதனையில் மனம் உருகி, கையில் இருக்கும் சிங்கப்பூர் வெள்ளியை ரூபாயாக மாற்றிக் கோயில் கட்ட என்று போதகர் கையில் கொடுத்துவிட்டு வருவோம். கொடுக்கிற மனசு நல்ல மனசுதான். ஆனால் இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் வெளிநாட்டுக் குடிமக்களின் நன்கொடையை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. நாம் கவரில் வைத்துக் கொடுக்கும் காணிக்கை போதகரைச் சிக்கலில் மாட்டிவிடலாம். இங்கேயும் விதி உண்டு. வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும், திரட்டியதில் பொதுவாக 80 விழுக்காட்டைச் சிங்கப்பூருக்குள்ளேயே செலவிட வேண்டும். சபைக்குள் மட்டும் திரட்டுவது வேறு கணக்கு. எப்படியானாலும் பொருளாளரிடம் முதலில் பேசுங்கள்.

பழைய துணி மூட்டையும் அப்படித்தான். முஸ்தபா கடையில் வாங்கிய பைகளில் அடைத்து எடுத்துப்போன துணியை விரித்துப் பார்த்தபோது பாதி கிழிசல். அந்த ஊர்ப் பெண்கள் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தமிழ்நாட்டுக்கோ இலங்கை மலையகத்துக்கோ போகும்போது, நமக்குத்தான் தமிழ் தெரியுமே என்ற நம்பிக்கையில் வேறு எந்தத் தயாரிப்பும் இல்லாமல் கிளம்புகிறோம். மொழி ஒன்றாக இருந்தாலும் பழக்கம் வேறு. பல கிராமச் சபைகளில் செருப்பை வாசலில் விட வேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்காருவார்கள், ஜெபத்தில் பெண்கள் முக்காடு போடுவார்கள். நம் இளையர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கர் "திருமுழுக்கு", "தூய ஆவி" என்பார்கள். மற்றவர்களுக்கு "ஞானஸ்நானம்", "பரிசுத்த ஆவி". எந்தச் சபைக்குப் போகிறோமோ அவர்கள் வாசிக்கும் வேதாகமத்தையே கொண்டுபோங்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகித்தான் தமிழ் கற்றார். ஒத்திகையில் செலவாகும் மூன்று மாதத்தில் ஒரு மாதத்தையாவது இப்படிக் கற்றுக்கொள்ள ஒதுக்கலாம்.

தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகள் வேலை செய்யக் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாட்டுக்குப் போகிறவர்கள் பத்து நாள் முன்பே அந்த ஊசியைப் போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அங்கிருந்து திரும்பும்போது சிங்கப்பூர் எல்லையிலேயே அதைக் கேட்பார்கள். மலேரியா மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடாமல் மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும்.

பிள்ளைகளைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "ஏழைப் பிள்ளை" என்று தலைப்புப் போட்டு நம் மகனின் படத்தை யாராவது வெளியிட்டால் நாம் பொறுப்போமா? பெற்றோரிடம் கேட்காமல் ஒரு படமும் வேண்டாம்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து அந்தப் போதகருக்குக் கடிதம் எழுதினேன். உதவியாக இருந்தது எது, தொந்தரவாக இருந்தது எது, மறைக்காமல் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டிருந்தேன். பதில் வர மூன்று வாரம் ஆனது. "அடுத்த முறை மே மாதம் வாருங்கள். பதினான்கு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். ஒருவர் எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும், இன்னொருவர் கணக்கு எழுதத் தெரிந்தவராக இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார்.